கண்ணாடி இல்லாத சட்டம்

துரை பங்களாவில் படம் எடுத்தார்கள்.
பீடோரிலிருந்து பதினோரு கிலோமீட்டர்,
செம்பனை லாரி திரும்பும் முடக்கில்
ஜெனரேட்டர் இரவும் பகலும் இரைந்தது.
ஆலையில் இரவு ஷிப்டு முடித்து வந்தவனை
மேலும் கீழும் பார்த்து
உயரம் சரி என்றார்கள்.
நாளைக்கு நூற்றிருபது வெள்ளி.
வசனம் கிடையாது.

கதை இதுதான்:
கோலாலம்பூரில் ஒரு வக்கீல்.
இருபத்தெட்டாம் மாடி.
பிறந்த தோட்டத்தை யாரிடமும் சொல்லாதவன்.
ஒருநாள் முகம் கழுவி நிமிர்ந்தால்
கண்ணாடியில் வேறு ஆள் நிற்கிறான்.
அந்த வேறு ஆள் நான்.

ஒப்பந்தத் தாளில் கேட்டார்கள்
பெயர், ஐசி எண், இனம்.
ஐசியில் என் பெயர் உடைந்துதான் கிடக்கிறது.
பரஞ்சோதி என்று அப்பா சொன்னதை
பதிவு அலுவலகத்தில் எவரோ
பரன் சொட்டி என்று எழுதிவிட்டார்.
இனம் என்ற கட்டத்தில் மட்டும்
பிழையே இல்லை.

ஒப்பனைப் பெண் மெய் யான்
என் கன்னத்தோடு ஒவ்வொரு டப்பாவாக ஒத்துப் பார்த்தாள்.
என் நிறம் கிடைத்தது.
அதை மூடிவிட்டு
மூன்று படி கறுப்பான ஒன்றைத் திறந்தாள்.
லைட்டில் வெளுத்துவிடும் என்று மலாயில் சொல்லி
அண்ணே என்று மட்டும் தமிழில் முடித்தாள்.

கண்ணாடி என்றேனே, அது கண்ணாடி இல்லை.
வெறும் தேக்குச் சட்டம்.
இந்தப் பக்கம் ஒரு குளியலறை,
அந்தப் பக்கம் அதே மாதிரி இன்னொன்று.
அவர் டையைத் தளர்த்தினால்
வெறும் கழுத்தில் நானும் தளர்த்தணும்.
அவருக்கு வலது என்றால் எனக்கு இடது.
அரை நொடி பிந்திச் செய்யுங்க, என்றார் இயக்குநர்,
பயம் அந்த அரை நொடியிலதான் இருக்கு.

எனக்கு அது கஷ்டமாகவே இல்லை.
மேனேஜர் சிரித்த பிறகு சிரிக்க
இருபது வருஷமாய்
அதே அரை நொடியைத்தான் பழகியிருக்கிறேன்.

நடிகர் பெயர் டேரியன்.
அம்மா ஈப்போ சீனர் என்று பேட்டிகளில் சொல்வார்.
மூன்றாம் நாள், விளக்கை மாற்றும் நேரம்,
சட்டத்தின் அந்தப் பக்கமிருந்தே
தடுமாறுகிற தமிழில் சொன்னார்:
"நீங்க நிக்கிறது... எங்கப்பா மாதிரி."
எந்தத் தோட்டம் என்று கேட்க வாயெடுத்தேன்.
ரோலிங் என்றார்கள்.

பதினேழாவது டேக்கில்
மூக்கில் ஒரு கொசு.
என் இடது கை முந்திவிட்டது.
அவருடைய வலது கை உயர்ந்தது,
எனக்கு அரை நொடி பிந்தி.
கொசு போன பிறகும் நான் இறக்கவில்லை.
அவரும் இறக்கவில்லை.
ஒரு விரலை மடக்கினேன்.
மடக்கினார்.
கட் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

தெலுக் இந்தான் தியேட்டரில்
அந்த நான்கு வினாடி அப்படியே இருந்தது.
முன்வரிசைப் பையன் ஒருவன் பாப்கார்னைச் சிந்தினான்.
என் மகள் மட்டும் சிரித்தாள்.
கடைசியில் ஓடிய பெயர்களில்
மெய் யான் உண்டு. ஜெனரேட்டர்காரர் உண்டு.
எனக்கு: லெலாகி டாலாம் செர்மின்.
கண்ணாடிக்குள் இருக்கும் ஆள், அவ்வளவே.
என் பெயரை உடைக்கக்கூட
அங்கே யாரும் மெனக்கெடவில்லை.

நேற்று இரவு ரோட் பிளாக்.
டார்ச் வெளிச்சம் முகத்தைவிட்டு நகரவில்லை.
உன்னை எங்கேயோ பார்த்திருக்கேனே, என்றார் போலீஸ்காரர்.
உள்ளங்கை வேர்த்தது.
ஐசியை எடுத்தேன், ரோட் டேக்ஸைக் காட்டினேன்,
ஆலைச் சட்டையின் பெயர் வில்லையைக்கூடக் காட்டினேன்.
திடீரென்று சிரித்தார்.
அந்தப் பேய் நீதானா? செய்து காட்டு.

பின்னால் ஐந்தாறு வண்டிகள்.
ஒருவன் ஹாரன் அடித்து நிறுத்திக்கொண்டான்.
டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
அவர் வலது கையை உயர்த்துகிறார்.

அரை நொடி.

ஒரு நொடி.

என் இடது கை
இன்னும் ஹேண்டிலில்தான் இருக்கிறது.